காதர் பாய் மூடி வைத்த முகம்

காதர் பாய் இறந்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அவர் மகன் யூசுப் போனில், "அத்தா மவுத்தாயிட்டாங்க மாமா," என்றான். போனை வைப்பதற்கு முன்னால், "குடோன்ல கடைசியா மாட்டியிருக்குற அந்தக் கெழவர் படம் உங்களுக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. வேற யாரும் கை வெக்கக் கூடாதாம்," என்றான். சாவுச் செய்தியைவிட அந்தப் படம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழுப்பி எழுதி அந்த மனிதருக்கு அஞ்சலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் வீட்டுக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ அடித்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனுக்குள் போயிருந்தால் அந்தக் கிழவரையும் தெரிந்திருக்கும். கறுத்த இருட்டுக்குள்ளிருந்து நம்மைப் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஒரே முகம், வரிசையாக ஐந்து படங்கள். "இன்னா பாய், உங்க தாத்தாவா?" என்று கேலி செய்தவர்கள் உங்களில் பலர். அந்த ஐந்தாவது படத்தின் அடியில் வேறொரு முகம் இருக்கிறது. என் மனைவியின் அண்ணன் முகம். அதை மூடச் சொல்லிக் கெஞ்சியவன் நான். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக இது எனக்கும் காதர் பாய்க்கும் மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நான் மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பு வெட்டப் பயந்து பிரஷ்ஷைப் பிடித்தவன் என்று என் அப்பா சொல்வார். கடை போர்டு, சுவர் விளம்பரம், கல்யாணத் தட்டி எல்லாம் எழுதினேன். எனாமல் வாங்கக் காதர் பாய் கடைக்குப் போவேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருநாள் பெயிண்ட் கம்பெனி அனுப்பியிருந்த காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் போட்டார். ஏதோ ஒரு வெளிநாட்டு ஓவியர், பல நூறு வருஷத்துக்கு முன்னால், வயதான காலத்தில் தன்னையே வரைந்துகொண்ட படம். "நீ எளுத்து எளுதறவன், நான் டப்பா விக்கிறவன். ரெண்டு பேருக்கும் மூஞ்சி போடத் தெரியாது. இவருகிட்டக் கத்துக்கலாமா கோவிந்து?" என்றார். எங்களுக்கு வேறு குரு கிடையாது. செத்துப்போன அந்தக் கிழவர்தான் வாத்தியார்.

காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து வெள்ளை பூசிக் காயவைப்போம். காலண்டர் தாளின் மேல் நூல் கட்டிக் கட்டம் பிரிப்போம். போர்டு எழுதுகிறவன் என்பதால் கட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன். ஆனால் கட்டத்துக்குள் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான். மூக்கு என்று நினைத்து நான் மூக்கைப் போடுவேன். அவர் நிழலைப் போடுவார், அது மூக்காக வந்து நிற்கும். "பாத்ததைப் போடு, தெரிஞ்சதைப் போடாத," என்பார். முதல் பூச்சு வெறும் பழுப்பு நிறம். அந்த நிலையில் முகம் வெளிறிப்போய்ப் பிணம் போலத்தான் இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். "இன்னும் உசுரு குடுக்கல, அதுக்குள்ள இன்னாத்துக்குப் பயந்துக்கற?" என்று சிரித்தார்.

புதுச்சேரியில் ஓவியச் சாமான் விற்கும் கடைக்காரர் எங்களுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லியிருந்தார். அடிப் பூச்சில் எண்ணெய் கம்மியாக இருக்க வேண்டும், மேல் பூச்சில் ஜாஸ்தியாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வருஷம் போகப் போக மேல் பூச்சு வெடித்து, மெலிந்து, அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். காதர் பாய் இதைக் குடோன் சுவரில் சாக்பீஸால் எழுதியே வைத்திருந்தார். இந்த விதியை நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்.

படங்களை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை. "வூட்ல மூஞ்சிப் படம் மாட்டமாட்டேன்னு அத்தாவுக்கு வார்த்தை குடுத்துக்கீறேன். குடோனைப் பத்தி அவரு ஒண்ணும் கேக்கல," என்பார். கொடுத்த வார்த்தையில் அவர் அவ்வளவு கறார். இதையும் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன்.

கிழவரின் முகத்தில் இடது ஓரம், நெற்றி தொடங்கித் தாடை வரை, மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. எங்களுக்கு அது பெரிய ரகசியமாகத் தெரிந்தது. அவருக்கு இடது பக்கம் அடுப்பு எரிந்திருக்கும், அந்தத் தணல்தான் கன்னத்தில் விழுகிறது என்று காதர் பாய் விளக்கம் சொன்னார். அந்தக் கோட்டுக்காகவே நாலு படம் போட்டோம். பிறகு புதுச்சேரியில் ஒரு புத்தகக் கடையில் அதே ஓவியம் நல்ல அச்சில் கிடைத்தது. அதில் கோடே இல்லை. எங்கள் காலண்டரில் சிவப்பு மசி கொஞ்சம் நகர்ந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம். கண்டக்டர் எங்களைக் குடிகாரர்கள் என்று நினைத்திருப்பார்.

இனி உயிருள்ள ஆளை உட்காரவைத்து வரையலாம் என்று முடிவு செய்தோம். முதல் ஆள் ஏழுமலை. கடையில் மூட்டை இறக்குகிறவர். தியாகதுருகம் சாலையோரத்துத் தலித் காலனியிலிருந்து சைக்கிளில் வருவார். "என் மூஞ்சில இன்னா கீதுன்னு வரையப் போறீங்க பாய்? போட்டோவே எடுத்தது இல்ல நானு," என்று வெட்கப்பட்டார். அவருக்காக ஐந்தாவது துணியை இழுத்து அடித்து, பழுப்பு பூசித் தயாராக வைத்திருந்தார் காதர் பாய். மறியல் முடியட்டும், அப்புறம் உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஏழுமலை சொன்னார்.

அது இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் ஜனங்கள் தெருவில் இறங்கியிருந்த காலம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு இடம் கேட்டோம். கேட்டது நியாயம், இன்றைக்கும் அதைச் சொல்வேன். மறியலுக்கான தட்டிகளை நான்தான் எழுதினேன். அந்த வாரம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் ஓடவில்லை, பால் வரவில்லை. போலீஸ் அடியில் மண்டை உடைந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஊர் முழுக்கப் பச்சை மரம் அறுபட்ட வாசனை. கடை வாசலில் நின்றபடி காதர் பாய், "மரத்தோட நின்னா சரி. கோவம் எங்கனா திரும்பப் போவுது கோவிந்து," என்றார். என் மச்சானும் தினம் கோடாரியோடு போய்க்கொண்டிருந்தான். அவனைத் தடுக்காமல் நான் அடுத்த தட்டியை எழுதப் போனேன்.

மூன்றாம் நாளும் ஏழுமலை வேலைக்கு வரவில்லை. அரிசி தீர்ந்திருக்கும் என்று ஒரு சின்ன மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வெட்டிய மரங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போயிருக்கிறார் காதர் பாய். பொழுது சாய்கிற நேரம். காலனிக்கு முன்னால் கரும்புத் தோட்டத்தை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தியபோதே கூரைகள் எரிந்துகொண்டிருந்தன. கல்வராயன் மலையே தெரியாத அளவுக்குப் புகை. பந்தத்தோடு ஒருவன் கடைசிக் குடிசையிலிருந்து திரும்பி, இவருக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறான். இவரை அவன் பார்க்கவில்லை. எரிகிற கூரை அவனுக்கு இடது பக்கம் இருந்தது. அந்தக் கடைசிக் குடிசை ஏழுமலையுடையது. மனைவி கன்னியம்மாவையும் மகளையும் வெளியே தள்ளிவிட்டு, கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்க்க உள்ளே போன ஏழுமலை திரும்பி வரவில்லை.

நாலு நாள் காதர் பாய் குடோனை விட்டு வரவில்லை. ஐந்தாம் நாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். ஏழுமலைக்காக வைத்திருந்த துணியில் ஒரு முகம் இருந்தது. இடது புருவத்தை இரண்டாக வெட்டியது போன்ற பழைய தழும்பு. கோணலாக மூடிய வாய். இடது கன்ன ஓரத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை சிவப்புக் கோடு. நாங்கள் வரைந்ததிலேயே அதுதான் உயிருள்ள முகம். யாரென்று நான் ஒரு நொடி கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவன் அவன்.

"இந்தத் தபா அச்சுப் பிழை இல்ல கோவிந்து," என்றார் காதர் பாய். "பேரு தெரியாது எனக்கு. மூஞ்சி தெரியும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராரு. இதைக் குடுக்கலாம்னு கீறேன்."

நான் அவர் காலில் விழுந்தேன். இதை அழகாகச் சொல்ல வழி இல்லை. "பாய், என் மச்சான் பாய். என் பொண்டாட்டி ஏழு மாசம். அப்பன் இல்லாத பொண்ணு, அவளுக்கு இவன்தான் எல்லாம். நீங்க இதைக் குடுத்தா என் வூடு அவ்ளோதான்," என்று அழுதேன். அவர் என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சாமான் அலமாரியைப் பார்த்துக்கொண்டே, "சொல்லமாட்டேன், எந்திரி," என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கடை முன்னால் கன்னியம்மா வந்தாள். தலை விரிந்து கிடந்தது. முழங்கை வரை கொப்புளம். அன்றைக்குக் காதர் பாய் காலனிக்கு வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "யாரு பாய் அது? நீ பாத்தியாமே. யாருன்னு சொல்லு பாய்," என்றாள். குடோன் கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே போய் விவரிப்பது? பிறகு அவளிடம், "இருட்டு கன்னியம்மா. தெரியல," என்றார். வாழ்நாளில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான், அதுவும் எனக்காக. மறுநாள் இன்ஸ்பெக்டரிடமும் அதையே சொன்னார். வழக்கு யார் பேரும் இல்லாமல் முடிந்தது.

கன்னியம்மா போன உடனே, அரைகுறையாகக் காய்ந்திருந்த அந்த முகத்தின் மேல் என் கண்முன்னாலேயே கிழவரைப் பூச ஆரம்பித்தார். கட்டமும் இல்லை, காலண்டரும் இல்லை, கை தானாக ஓடியது. டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றி நிறத்தைத் தண்ணீராக்கிப் பூசினார். எண்ணெய் ஒரு சொட்டு கூடச் சேர்க்கவில்லை. பயத்திலும் எனக்கு விதி ஞாபகம் வந்தது. "பாய், எண்ணெய் இல்லாம போடறீங்களே. வெடிச்சிடுமே," என்றேன்.

"வெடிக்கட்டும்," என்றார். "இப்போதிக்கு மறைஞ்சா போதும்ல உனக்கு? சொல்ல மாட்டேன்னு உனக்கு வார்த்தை குடுத்துட்டேன். துணி யாருக்கும் வார்த்தை குடுக்கல."

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வரையவில்லை. எனக்குப் பெண் பிறந்தாள். மச்சான் காதுகுத்துக்கு ஆடு வெட்டினான், இன்றைக்கு ஊரில் பெரிய மனிதன், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். நான் செத்தவர்களின் படங்களை ஆயில் பெயிண்டில் வரைந்து பேர் வாங்கினேன். காதர் பாய் பிரஷ்ஷையே தொடவில்லை. கன்னியம்மாவைக் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். இதை யோசித்துப் பாருங்கள். தினம் காலையில் அவள் அந்தப் படத்துக்குக் கீழே குனிந்து பெருக்கினாள். "இந்தக் கெழவரு எங்க நின்னாலும் என்னையே பாக்குறாருங்க," என்று சிரிப்பாளாம். காதர் பாய் அதை என்னிடம் சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிரியாணி சாப்பிட அழைப்பார். சாப்பிட்டு முடித்ததும், "வா, வாத்தியாரைப் பாத்துட்டு வரலாம்," என்று குடோனுக்குக் கூட்டிப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். படத்தின் மேல் டார்ச் அடிப்பார். பத்து வருஷம் வரை ஒன்றும் இல்லை. பிறகு நெற்றியில் முடி போல ஒரு வெடிப்பு. அப்புறம் கன்னத்தில் வலை போல. ஒரு ரம்ஜானில் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது. நான் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். பிரியாணி சேரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். போன ரம்ஜானில் கிழவரின் புருவத்துக்குள்ளிருந்து அந்தத் தழும்பு எட்டிப் பார்த்தது. அன்று மட்டும் காதர் பாய் பேசினார். "எனக்கு நாள் கம்மி கோவிந்து. அந்த மூஞ்சி முழுசா வர்றதுக்குள்ள நான் போயிடுவேன் போல. நீ இருப்ப," என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, இத்தனை வருஷம் என்னை அதன் முன்னால் நிற்கவைத்த மனிதர் மேல் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அவரைத் தவிர வேறு யாரிடமும் நான் இவ்வளவு அன்பாக இருந்ததில்லை என்பதும் உண்மை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் குடோனுக்குப் போனேன். பையில் பழுப்பு நிற டியூப் ஒன்றும் ஒரு பிரஷ்ஷும் இருந்தன. எதற்கு என்று உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை எண்ணெயைச் சரியாகக் கலந்து, கெட்டியாக ஒரு பூச்சு கொடுத்தால் என் ஆயுசு வரை தாங்கும். யூசுப் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே கன்னியம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி இல்லாத கடையைக் கூட அவள் பெருக்காமல் விடவில்லை.

என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். "வாங்க ஆர்டிஸ்டு," என்றாள். படத்தைக் கழற்றக் கை நீட்டினேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்தக் கெழவருக்குள்ள இன்னொருத்தன் கீறான்," என்றாள். "ஒரு வருசமா பாத்துக்கினுதான் இருக்கேன். நெருப்பு வெளிச்சம் வுழுற மூஞ்சி எனக்குத் தெரியாதா? பாய் இருக்க சொல்ல கேக்கல. ஒரு தபா கேட்டதுக்கே அந்த மனுசன் என் மூஞ்சியைப் பாத்துப் பேசாம இத்தினி வருசம் ஓட்டிட்டாரு. இன்னொரு தபா கேட்டா தாங்கமாட்டாருன்னு வுட்டுட்டேன். இப்ப நீதான் கீற. யாருப்பா இது?"

அன்று கதவுக்குப் பின்னால் நின்றபோது கேட்ட அதே கேள்வி. எனக்கும் 'இருட்டு, தெரியல' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. டியூப் பையில் இருந்தது.

சொன்னேன். பேரைச் சொன்னேன், எனக்கு என்ன உறவு என்று சொன்னேன், யார் காலில் விழுந்து இதை மூடச் சொன்னேன் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. முந்தானையால் படத்தின் சட்டத்தில் இருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு, "உள்ள இருட்டா கெடக்குது. எடுத்துக்கினு போயி கடை வாசல்ல வெய்யி," என்றாள்.

வீட்டில் அன்றிரவே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மச்சானுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாளாக எதிர் டீக்கடையில் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து என் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காதர் பாயை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை ஒரு காலண்டர் தாள், பாத்ததைப் போடு என்ற சொல், எண்ணெய் சேர்க்காமல் பூசிய ஒரு படம். ஏழுமலைக்கு இன்னும் ஒரு படம் இல்லை. அவர் முகத்தைக் கன்னியம்மா சொல்லச் சொல்லப் புதுத் துணியில் கட்டம் போட ஆரம்பித்திருக்கிறேன். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும் சடங்குக்கு நீங்கள் வரும்போது கடை வாசலில் கிழவர் படம் இருக்கும். பகல் வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் கன்னியம்மா நிற்பாள். நானும் நிற்பேன்.